இத்தாலியில் படித்துக்கொண்டே வார இறுதியில் ஐரோப்பா சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் முதுகலை படிக்க இடம் கிடைத்தவர்கள் விசாவுக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே அடுத்துக் கேட்பது இதைத்தான்: சனி ஞாயிறில் எங்கெல்லாம் போகலாம்? நான் படித்தது பாதோவாவில். வெனிஸுக்கு அரை மணி நேர ரயில் தூரம். அதனால் கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் வடகிழக்கு மூலையிலிருந்து கிளம்புபவை. மிலான், தூரின், பொலோனியாவில் இருப்பவர்கள் ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டால் போதும். ரோமுக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு ரயிலைவிட விமானம்தான் சரிப்படும். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

இத்தாலி மாணவர் விசாவை வைத்துக்கொண்டு மற்ற நாடுகளுக்குப் போக முடியுமா?

முடியும், தனி விசா வேண்டாம். உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பது நீண்ட நாள் தங்குவதற்கான டி வகை விசா. அது செல்லுபடியாக இருக்கும்வரை, அல்லது பெர்மெஸ்ஸோ என்று எல்லோரும் சொல்லும் தங்கும் அனுமதி அட்டை கையில் இருக்கும்வரை, மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 90 நாள் வரை சுற்றலாம். இத்தாலிக்குள் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் வராது. வெள்ளி இரவு எல்லை தாண்டி ஞாயிறு இரவு திரும்பினால் மூன்று நாள். மாதம் நான்கு வாரமும் போனாலும் 90-ஐ எட்ட மாட்டீர்கள், அதனால் இந்த எண்ணை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். குரோவேஷியா 2023 ஜனவரியில் சேர்ந்தது. ருமேனியா, பல்கேரியாவுடன் தரைவழி எல்லையும் 2025 ஜனவரியில் திறந்துவிட்டது. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு, தாராளமாகப் போகலாம். லண்டன், டப்ளின், சைப்ரஸ் மூன்றும் ஷெங்கனுக்கு வெளியே. விமான டிக்கெட் இருபது யூரோ என்று காட்டியதும் லண்டனுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள், அதற்குத் தனி விசா வேண்டும்.

விசா முடிந்துவிட்டது, பெர்மெஸ்ஸோ இன்னும் வரவில்லை. தபால் அலுவலகத்தில் கொடுத்த ரசீது மட்டும் இருக்கிறது. அதை வைத்துப் போகலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வந்து இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் தபால் அலுவலகத்தில் மஞ்சள் உறையை நிரப்பிக் கொடுக்கிறோம், ரசீது வாங்குகிறோம், அப்புறம் குவெஸ்தூரா என்ற போலீஸ் அலுவலகத்தில் கைரேகை, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்த ரசீது இத்தாலிக்குள் நீங்கள் முறைப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பிரான்ஸோ ஆஸ்திரியாவோ அதை ஏற்காது. விசா நாள் மீதம் இருந்தால் விசாவின் பலத்தில் போகலாம். அது முடிந்துவிட்டால் அட்டை கையில் வரும்வரை இத்தாலிக்குள்ளேயே சுற்றுங்கள்.

ஊருக்குப் போகும்போதும் இதே சங்கடம் வரும். ரசீது மட்டும் இருப்பவர்கள் ரோம் அல்லது மிலானிலிருந்து நேரடியாகவோ துபாய், தோஹா வழியாகவோ போய் வர வேண்டும். பாரிஸ், பிராங்பர்ட் வழியாக டிக்கெட் போட்டால் மாட்டிக்கொள்வோம். முதல் வருடம் விசாவே ஒரு வருடத்துக்கு இருப்பதால் கவலை தெரியாது, இரண்டாம் வருடம் புதுப்பிக்கும்போதுதான் இந்த இடைவெளி வந்து நிற்கும். எனவே வெளிநாட்டுப் பயணங்களை முதல் வருடத்தில் முன்னால் தள்ளுங்கள், இத்தாலியை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையில் யாராவது சோதிப்பார்களா?

பல நேரம் இல்லை, சில நேரம் உண்டு. வென்திமிலியாவைத் தாண்டி பிரான்ஸுக்குள் நுழையும் ரயிலில் 2015-லிருந்தே போலீஸ் ஏறுகிறார்கள். ஸ்லோவேனியா எல்லையில் இத்தாலி 2023 அக்டோபரில் சோதனையை மறுபடி ஆரம்பித்தது. மியூனிக் போகும் பேருந்தை ஜெர்மன் எல்லையில் நிறுத்தி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்ப்பது சாதாரணம். பெட்டி நிறைய ஆட்கள் இருக்க நம் நிறத்தைப் பார்த்து நம்மிடம் மட்டும் கேட்பதும் நடக்கும். மனம் சுருங்கத்தான் செய்யும், ஆனால் காகிதம் சரியாக இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அசல் பாஸ்போர்ட், அசல் பெர்மெஸ்ஸோ இரண்டும் உடம்போடு இருக்கட்டும். பேருந்துக்கு அடியில் போடும் பையில் வேண்டாம். கைப்பேசியில் இருக்கும் படத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஒரு வார இறுதிக்கு எவ்வளவு தூரம் வரை போகலாம்?

என் கணக்கு இது: வீட்டுக் கதவிலிருந்து அந்த ஊரில் தங்கும் இடத்துக் கதவு வரை ஐந்து மணி நேரத்துக்குள் இருந்தால் போங்கள். அதற்கு மேல் போனால் மூன்று நாள் விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள்.

விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம்தானே என்று தோன்றும். சரி, எண்ணிப் பார்ப்போம். பாதோவாவிலிருந்து ட்ரெவீசோ விமான நிலையத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். விமானம் கிளம்ப ஒன்றரை மணி முன்னால் அங்கே இருக்க வேண்டும். டிக்கெட்டில் பாரிஸ் என்று இருக்கும், ஆனால் மலிவு விமானம் இறங்குவது போவே என்ற ஊரில். அங்கிருந்து பாரிஸுக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம், அப்புறம் மெட்ரோ. எல்லாம் கூட்டினால் ஆறரை மணி நேரத்துக்குக் குறையாது, திரும்பி வர அதே அளவு. சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்து ஞாயிறு மதியம் பையைத் தூக்கினால் பாரிஸில் மிஞ்சுவது ஒரு மாலை, ஒரு காலை. பாரிஸுக்கு அது போதாது. ஈபிள் கோபுரத்தின் முன் நின்று ஒரு படம் எடுக்க மட்டும் போகிறவர்களுக்குப் போதும்.

இப்படி ஊரின் பேரில் உண்மையில் வேறெங்கோ இறங்கும் விமான நிலையங்கள் நிறைய. பிராங்பர்ட் ஹான் நகரத்திலிருந்து 120 கிலோமீட்டர். மியூனிக்குக்குப் பக்கம் என்று விற்கப்படும் மெம்மிங்கன் 110 கிலோமீட்டர். நம் மிலான் பெர்காமோவே ஐம்பது கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கம், வெரோனாவில் ரயில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் இன்ஸ்ப்ரூக், ஐந்தரை மணி நேரத்தில் மியூனிக், அதுவும் நடு ஊரில் இறக்கிவிடும். மிலானிலிருந்து சூரிக் மூன்றேகால் மணி நேரம் சொச்சம். அந்தப் பாதையில் வரும் கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கம் 57 கிலோமீட்டர், உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். தூரினிலிருந்தும் மிலானிலிருந்தும் லியோனுக்கு நேரடி ரயில் உண்டு. வரைபடத்தில் உங்கள் ஊரை நடுவில் வைத்து ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், ஒரு செமஸ்டருக்கு வேண்டிய ஊர்கள் அதற்குள்ளேயே கிடைக்கும்.

முதல் பயணத்துக்கு ஒரே ஒரு வழி சொல்லுங்கள் என்றால்?

கோரீஸியா வழியாக ஸ்லோவேனியா. யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன், பாரிஸையும் பிராகையும் விட்டுவிட்டு ஏன் இது என்று முகத்தைச் சுளிப்பவர்களிடமும் இதைத்தான் சொல்வேன்.

சனிக்கிழமை விடியலில் பாதோவாவிலிருந்து வெனிஸுக்குப் பக்கத்து மெஸ்த்ரே வழியாக கோரீஸியாவுக்கு ரெஜியோனாலே என்ற உள்ளூர் ரயில், சுமார் இரண்டரை மணி நேரம். ரெஜியோனாலேயில் முன்பதிவு தேவையில்லை, எப்போது வாங்கினாலும் ஒரே விலை. ஸ்டேஷனிலிருந்து நகரத்தின் மறுமுனைக்கு நடந்தால் ஒரு சதுக்கம் வரும். இத்தாலிக்காரர்களுக்கு அது பியாஸ்ஸா திரான்சால்பீனா. சதுக்கத்தின் ஒரு பாதி இத்தாலி, மறுபாதி ஸ்லோவேனியா, எதிரே கம்பீரமாக நிற்கும் ரயில் நிலையம் ஸ்லோவேனியாவுக்குச் சொந்தம். 1947-இல் எல்லைக்கோடு போட்டபோது ஊர் இத்தாலிக்கும் அந்த ஸ்டேஷன் யூகோஸ்லாவியாவுக்கும் போயின. ஊர் கையைவிட்டுப் போனதால் அந்தப் பக்கத்தவர்கள் நோவா கோரீட்சா என்று புதிதாக ஒரு ஊரையே கட்டிக்கொண்டார்கள். சதுக்கத்தின் நடுவில் இருந்த வேலி 2004-இல்தான் எடுக்கப்பட்டது. வேலி இருந்த இடத்தில் இப்போது தரையில் வட்டமாக ஒரு தகடு, அதன் மேல் குழந்தைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள். விசா அலுவலக வாசலில் மணிக்கணக்கில் நின்ற நமக்கு ஒரு காலை ஒரு நாட்டிலும் மறுகாலை இன்னொரு நாட்டிலும் வைத்து நிற்பது என்னவோ செய்யும். 2025-இல் இரண்டு ஊர்களும் சேர்ந்தே ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாக இருந்தன.

அந்த ஸ்டேஷனிலிருந்து பிளெட் ஏரிக்கு ஒரு பழைய ரயில் பாதை போகிறது. 1906-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு தன் துறைமுகமான திரியெஸ்தேவுக்கு வழி வேண்டும் என்று ஆல்ப்ஸைக் குடைந்து போட்டது. ரயில் கிளம்பிய சில நிமிடங்களில் சோல்கான் பாலம் வரும். நடு வளைவு 85 மீட்டர் அகலம், முழுக்கக் கல்லால் கட்டிய ரயில் பாலங்களில் உலகிலேயே பெரிய வளைவு இதுதான். பாலத்தில் ஏறியதும் கீழே ஸோச்சா ஆறு தெரியும், பச்சையும் நீலமும் கலந்து, பார்த்தால் சாயம் கரைத்தது போல இருக்கும். இரண்டு பெட்டி ரயில், ஜன்னலோரம் இடம் கிடைக்கும், பாட்டிகள் சந்தைப் பையோடு ஏறி அடுத்த கிராமத்தில் இறங்குவார்கள். ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் போஹின் சுரங்கத்தைத் தாண்டி வெளியே வந்தால் மலை வேறு, வீடுகளின் கூரை வேறு. நாளுக்குச் சில ரயில்கள்தான், நேரத்தை முன்னாலேயே பார்த்துவிட்டு அதற்கேற்ப பாதோவாவில் கிளம்புங்கள். பாதையில் வேலை நடந்தால் பேருந்து விடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளெட் யெசெரோ என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஏரி. சுற்றி வர ஆறு கிலோமீட்டர். படகுக்குக் காசு கொடுக்காமல் ஓய்ஸ்த்ரித்ஸா பாறைக்கு ஏறினால் தீவும் தேவாலயமும் கோட்டையும் ஒரே பார்வையில் கிடைக்கும், ஏற்றம் செங்குத்து, மழை நாளில் வேண்டாம். மாலையில் பேருந்து பிடித்து லியூப்லியானா, ஒன்றேகால் மணி நேரம். இரவு அங்கே தங்கி ஞாயிறு காலை ஆற்றங்கரையிலும் டிராகன் பாலத்திலும் சுற்றிவிட்டு, மதியம் பேருந்தில் திரியெஸ்தே, கடற்கரைச் சதுக்கத்தில் ஒரு காப்பி, அங்கிருந்து ரயிலில் வீடு. பிளெட்டில் தங்குவதைவிட லியூப்லியானாவில் தங்குவது மலிவு.

மலை பார்க்க வேண்டும், பனி பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்து கட்டுப்படியாகுமா?

தங்கினால் கட்டுப்படியாகாது, ஒரு நாள் போய் வந்தால் ஆகும். மிலான் சென்ட்ரலேயிலிருந்து திரானோவுக்கு இரண்டரை மணி நேரம், வழி நெடுக கோமோ ஏரிக்கரை. திரானோ இத்தாலிதான், ஆனால் அங்கிருந்து சென் மோரிட்ஸுக்கு சிவப்பு நிற ரேட்டியன் ரயில் கிளம்புகிறது. பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று கண்ணாடிக் கூரை போட்ட வண்டிக்குக் கட்டாய முன்பதிவு, அதற்குத் தனிக் கட்டணம். அதே தண்டவாளத்தில் அதே மலை வழியாக சாதாரண வண்டியும் ஓடுகிறது, அதில் முன்பதிவு வேண்டாம், பல பெட்டிகளில் ஜன்னலைக் கீழே இறக்கலாம், படம் எடுக்கக் கண்ணாடியின் பிரதிபலிப்பு இருக்காது. நான் எப்போதும் சாதாரண வண்டியைத்தான் சொல்வேன். புரூசியோவில் ரயில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஏறும் வட்டப் பாலம், அப்புறம் 2,253 மீட்டர் உயரத்தில் ஒஸ்பித்ஸியோ பெர்னினா. பாதை 2008-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போங்கள்.

சுவிஸ் எல்லையைத் தாண்டியதும் கைப்பேசியில் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இத்தாலி சிம் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க கூடுதல் கட்டணமில்லாமல் ஓடும், சுவிட்சர்லாந்து அதில் சேராது. பல பேருக்கு இருந்த பணமெல்லாம் போனது இங்கேதான்.

மலிவு விமானத்தில் போவதென்றால் என்னென்ன கவனிக்க வேண்டும்?

டிக்கெட் விலையில் அடங்குவது இருக்கைக்கு அடியில் நுழையும் ஒரு பை மட்டும். அளவு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு, ஈஸிஜெட்டில் நுழையும் பை விஸ் ஏரில் நுழையாமல் போகலாம், வாசலில் அளந்து பிடித்தால் டிக்கெட்டைவிடப் பைக்கு அதிகம் கட்ட வேண்டியிருக்கும். சக்கரம் இல்லாத, அமுங்கக்கூடிய முதுகுப்பை ஒன்று வாங்குங்கள், இரண்டு வருடத்துக்கும் அது போதும்.

ஆன்லைனில் செக்-இன் செய்துவிட்டோம் என்று நேரே பாதுகாப்புச் சோதனைக்குப் போய்விடாதீர்கள். ரயன்ஏர் போன்ற நிறுவனங்களில் ஐரோப்பிய பாஸ்போர்ட் இல்லாதவர்கள் முதலில் கவுன்ட்டரில் விசாவையோ பெர்மெஸ்ஸோவையோ காட்டிவிட்டு வர வேண்டும். கவுன்ட்டர் மூடிய பிறகு போனால் விமானம் போய்விடும். மாணவர்களுக்கான எராஸ்மஸ் அமைப்பின் இஎஸ்என் அட்டை வாங்கினால் ரயன்ஏரில் தள்ளுபடி உண்டு, எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வராத வெளிநாட்டு மாணவர்களும் பல ஊர்களில் வாங்க முடிகிறது, உங்கள் ஊர்க் கிளையில் கேளுங்கள்.

விமானம் ரத்தானால் மறுவிமானமோ பணமோ கேட்பது உங்கள் உரிமை. 1,500 கிலோமீட்டருக்குள் உள்ள பயணம் நிறுவனத்தின் தவறால் கடைசி நேரத்தில் ரத்தானாலோ மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ 250 யூரோ இழப்பீடும் உண்டு. ரயிலுக்கும் இருக்கிறது: ஒரு மணி நேரம் தாமதித்தால் கட்டணத்தில் கால் பங்கு, இரண்டு மணி நேரம் என்றால் பாதி. கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள்.

இரவுப் பேருந்தா, இரவு ரயிலா?

இரவு ரயில். வெனிஸிலிருந்து வியன்னாவுக்கும், ரோம், பொலோனியா வழியாக மியூனிக், வியன்னாவுக்கும் நைட்ஜெட் என்ற இரவு ரயில் ஓடுகிறது. முன்கூட்டிப் போட்டால் படுக்கை விலை விடுதி வாடகைக்கும் பகல் ரயில் டிக்கெட்டுக்கும் சேர்த்து ஆகும் செலவைவிடக் குறைவு. உட்காரும் இருக்கை இன்னும் மலிவு, ஆனால் அதில் தூங்க முடியாது.

ஃபிளிக்ஸ்பஸ் மலிவுதான். பகலில் நான்கைந்து மணி நேரம் என்றால் தாராளமாக ஏறுங்கள். இரவில் என்றால் நடு ராத்திரி எல்லைச் சோதனை, காலை ஐந்து மணிக்கு ஊருக்கு வெளியே ஒரு பேருந்து நிலையம், விடுதியில் அறை கிடைப்பது மதியம் இரண்டு மணிக்கு. அந்த ஒன்பது மணி நேரத்தில் குளிரில் தூக்கம் சொக்கி நடப்பதில் ஊரே பிடிக்காமல் போகும். வியன்னாவில் எர்ட்பெர்க், மிலானில் லாம்புன்யானோ என்று இறங்கும் இடம் எது, அங்கிருந்து மெட்ரோ உண்டா என்று பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

இன்டர்ரெயில் பாஸ் வாங்கலாமா?

வார இறுதிக்கு வேண்டாம். பல நாட்டு ரயில்களில் ஒரே பாஸில் சுற்ற, வெளியே இருந்து வருபவர்களுக்கு யூரெயில், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். நீங்கள் இங்கே வசிப்பவர் என்பதால் இன்டர்ரெயில்தான் வாங்க முடியும், அதில் வசிக்கும் நாட்டுக்குள் ஒரு முறை வெளியே போகவும் ஒரு முறை திரும்பி வரவும் மட்டுமே செல்லும். வேக ரயில்களுக்கு இருக்கைக் கட்டணம் தனி. தேர்வு முடிந்து இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து சுற்றுபவர்களுக்கு அது லாபம்.

உதவித்தொகையில்தான் ஓட்டுகிறேன். செலவை எங்கே குறைக்கலாம்?

முதலில் தேதியில். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, நவம்பர் 1, டிசம்பர் 8 ஆகிய விடுமுறைகள் வியாழன் அல்லது செவ்வாயில் வந்தால் இத்தாலியே நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பும், அந்த வாரம் எல்லாம் இரட்டை விலை. அதற்கு முந்தைய வாரமோ அடுத்த வாரமோ போங்கள். நவம்பர், பிப்ரவரி மலிவு, ஆனால் டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், பகலில் பார்க்க வேண்டிய ஊர்களை அப்போது வைக்காதீர்கள்.

அருங்காட்சியகங்களில் பெர்மெஸ்ஸோவைக் காட்டுங்கள். பாரிஸின் லூவ்ரில் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், அதற்கு ஐரோப்பியக் குடியுரிமை தேவையில்லை, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசித்தால் போதும். 2026-லிருந்து வெளியே இருந்து வருபவர்களுக்கு அங்கே 32 யூரோ என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. மியூனிக்கின் பினக்கோதேக் ஓவியக் கூடங்களில் ஞாயிற்றுக்கிழமை நுழைவு ஒரு யூரோ. இத்தாலி அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். மூடும் நாளையும் பாருங்கள், லூவ்ர் செவ்வாய், பாரிஸின் இன்னொரு அருங்காட்சியகமான ஓர்சே திங்கள்.

மியூனிக்கில் இருவர் மூவராக இருந்தால் பவேரியா டிக்கெட் ஒன்று எடுத்து அந்த மாநிலம் முழுக்க உள்ளூர் ரயில்களில் சுற்றலாம், அதிலேயே ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை போகலாம். ஒரே வார இறுதியில் இரண்டு நாடு, எனக்குத் தெரிந்து இதைவிடச் சல்லிசான வழி இல்லை.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். வியன்னாவில் குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலைத் தண்ணீர், சூரிக்கில் தெருவுக்குத் தெரு குடிநீர் ஊற்று.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

முதல் வேளைக்கு வீட்டிலிருந்தே புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொள்ளுங்கள், அது மறுநாள் காலை வரை தாங்கும். அப்புறம் போகும் ஊர்களில்: ஸ்லோவேனியாவில் பாலாடைக்கட்டி வைத்த புரேக், புடாபெஸ்டில் லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டி, எங்கும் கொண்டைக்கடலை வடை போன்ற ஃபலாஃபெல். கவனிக்க வேண்டியவை சில உண்டு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி வேகவைத்த சாறு சேர்த்திருப்பார்கள், கேட்டுவிடுங்கள். இத்தாலியின் ரொமான்யா பக்கத்துப் பியதீனா ரொட்டி மாவில் பன்றிக் கொழுப்பு போடுவது வழக்கம், எண்ணெயில் செய்ததும் கிடைக்கும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள், கண்டிப்பான சைவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் ஞாயிறன்று சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் கதி. சனி மாலையே வாங்கி வையுங்கள்.

பாரிஸுக்கு மூன்று நாள் போகிறவர்கள் கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால் லா ஷாபெல் பகுதிக்குப் போங்கள். இலங்கைத் தமிழர் கடைகள், கொத்துரொட்டி, இடியாப்பம், தமிழில் பெயர்ப்பலகை. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் அந்தத் தெருக்களில் வரும், தேங்காய் உடைப்பதைப் பாரிஸ்காரர்கள் நின்று பார்ப்பார்கள். இத்தாலிக்குள்ளேயே என்றால் பலெர்மோ. அங்குள்ள ஈழத்தமிழர்கள் இந்துக்களாக இருந்தும் மோந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறிப் புனித ரோஸாலியாவை வணங்குகிறார்கள்.

ஒவ்வொரு வாரமும் போனால் படிப்பு கெடாதா?

கெடும். ஒவ்வொரு வாரமும் போகாதீர்கள். மண்டல உதவித்தொகை வாங்குகிறவர்கள் முதல் ஆண்டில் ஆகஸ்ட் 10-க்குள் குறிப்பிட்ட கிரெடிட் எடுத்துக் காட்ட வேண்டும், பொதுவாகக் குறைந்தது 20. மண்டலத்துக்கு மண்டலம் கொஞ்சம் மாறும், உங்கள் அறிவிப்பைப் படியுங்கள். எட்டாவிட்டால் இரண்டாம் தவணை வராது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதும் உண்டு. வீட்டில் கடன் வாங்கி அனுப்பியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

தேர்வுகள் ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர். வாய்மொழித் தேர்வு முறைக்கு நாம் பழக்கமில்லாதவர்கள், முதல் பருவத்தில் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் கேட்கும். அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் மாதத்துக்கு இரண்டு முறை எல்லை தாண்டினால் தாராளம். மற்ற வாரங்களில் காலையில் போய் இரவு திரும்பும்படி மாந்தோவா, ஃபெர்ராரா, வெரோனா, ரவென்னா. ரவென்னாவின் மொசைக் கூரைகளைப் பார்க்காமல் பார்சிலோனாவுக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ரயில் வேலைநிறுத்தம் வந்தால்?

இத்தாலியில் அடிக்கடி வரும், வெள்ளிக்கிழமைகளில் அதிகம். ஆனால் திடீரென்று வராது, போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் தேதி முன்கூட்டியே போடுவார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களை ஓட்டியே ஆக வேண்டும் என்பது விதி. அந்த நேரத்துக்குள் எல்லையை நோக்கிக் கிளம்பிவிடுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம், போகிறார்கள். ஊர் எது என்பதைவிட எத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்பதுதான் முக்கியம். இருட்டிய பிறகு புதிய ஊரில் முதல் முறையாகக் கால் வைக்காதபடி டிக்கெட் போடுங்கள். பல விடுதிகளில் பெண்களுக்கு மட்டும் என்று அறை உண்டு, இரண்டு மூன்று யூரோதான் கூடும். பெரிய ரயில் நிலையங்களைச் சுற்றியுள்ள தெருக்கள் எந்த நாட்டிலும் இரவில் சரியில்லை, மலிவு என்று அங்கே அறை எடுக்காதீர்கள். எங்கே தங்குகிறோம் என்பதை அறைத்தோழி ஒருத்திக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்து என்றால் எல்லா நாட்டிலும் 112.

குழுவாகப் போவதென்றால் மூன்று நான்கு பேர் சரி. எட்டுப் பேர் சேர்ந்தால் எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்வதிலேயே சனிக்கிழமை போய்விடும்.

பயணத்தில் உடம்புக்கு வந்தால், பாஸ்போர்ட் தொலைந்தால்?

இத்தாலி மருத்துவ அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் உங்கள் பெயரும் எண்ணும் அச்சிட்டிருந்தால் அதுவே ஐரோப்பிய மருத்துவ அட்டை. அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் வரிசையாக இருந்தால் வெளிநாட்டில் அது செல்லாது. தாமாகப் பணம் கட்டி இத்தாலி மருத்துவச் சேவையில் சேர்ந்த மாணவர்களில் பலருக்கு நட்சத்திரம்தான் இருக்கும், அவர்கள் தனியாகப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். பெயர் அச்சிட்டிருந்தாலும் நம் போன்ற வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு சுவிட்சர்லாந்தில் அது பயன்படாது, அங்கே போகும்போது எல்லோருமே காப்பீடு எடுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் அந்த ஊர்ப் போலீஸில் புகார் எழுதி அதன் நகலோடு அந்த நாட்டிலிருக்கும் நம் தூதரகத்துக்குப் போங்கள். பாஸ்போர்ட், விசா, பெர்மெஸ்ஸோ மூன்றின் நகலும் மின்னஞ்சலில் இருந்தால் அங்கே வேலை சீக்கிரம் நடக்கும்.

ஞாயிறு இரவே திரும்ப வேண்டுமா, திங்கள் காலை வரலாமா?

ஞாயிறு இரவு, அதுவும் கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலில். எல்லை தாண்டி வரும் வண்டி அரை மணி தாமதித்தாலும் கடைசி இணைப்பு போய்விடும், மெஸ்த்ரே ஸ்டேஷனில் இரவைக் கழிப்பது யாருக்கும் வேண்டாம். முடிந்தால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள், அப்போது இணைப்பு தவறினால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு ரயில் நிறுவனத்துடையது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலையில் ஐரோப்பாவில் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். அன்று காலை விமானமோ ரயிலோ இருந்தால் கைப்பேசியின் நேரத்தை மட்டும் நம்புங்கள், விடுதிச் சுவரில் தொங்கும் கடிகாரத்தை வேண்டாம்.